தனுஷ்கோடி: கடல் கொண்ட புகைவண்டி நிலையம்

புகைவண்டி நிலையத்தை அரபு மொழியில் 'மஹத்தா' என்பர். சுமையைக் கீழே இறக்கி வைத்தல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. ஒட்டகத்தின் முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்து வழிப்போக்கன் மூச்சு விடும் இடம் எதுவோ, அதுவே மஹத்தா. இருப்புப் பாதை வந்த பின்னர் அரபு மக்கள் அந்தப் பழஞ்சொல்லையே புதிய நிலையத்துக்கும் சூட்டிக்கொண்டனர்.

திருப்பூரை அடுத்த வீரபாண்டியில் பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு அரபும் தமிழும் கற்பித்து வருகிறேன். ஒருநாள் இச்சொல்லை விளக்கிக்கொண்டிருந்தபோது, பனியன் கம்பெனி ஒன்றில் பகல் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஓத வரும் மாணவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், வண்டியே வராத ஸ்டேஷன் இருந்தால் அதுவும் மஹத்தாதானா?" என்று கேட்டான். மற்ற பிள்ளைகள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி வராத நிலையம் ஒன்றைப் பற்றிக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான். என் முன்னோர் இராமநாதபுரம் சீமைக் கடற்கரையினர். என் பாட்டனாரின் தமையனார் கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். அவர் வாயில் ஓயாது ஒலித்த பெயர் தனுஷ்கோடி. மாணவனுக்கு அன்று சொல்லத் தொடங்கியதையே ஈண்டு ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

கடக்கும் இடம்

தனுஷ்கோடி, இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனை. வில்லின் நுனி என்பது பெயரின் பொருள். இராமபிரான் தம் வில்லின் நுனியால் சேதுவைத் தொட்ட இடம் என்பது இந்து சகோதரர்களின் நம்பிக்கை. சேதுவில் நீராடாமல் காசி யாத்திரை நிறைவு பெறாது என்பதும் அவர்கள் மரபு. அங்கிருந்து இலங்கையின் மன்னார் தீவு வரை தொடரும் மணல் திட்டுகளை அவர்கள் இராமர் சேது என்பர். ஐரோப்பியர் வரைந்த படங்களில் அதற்கு ஆதம் பாலம் என்று பெயர். இருவேறு மரபினர் இட்ட பெயர்களும் 'கடத்தல்' என்னும் ஒரே கருத்தைச் சுற்றியே அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

அரபுப் புவியியலாளரோ தமிழகத்தின் கீழைக் கடற்கரை முழுவதையுமே 'மஅபர்' என்று அழைத்தனர். கடக்கும் இடம் என்பதே அதற்கும் பொருள். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 1344ஐ ஒட்டிய காலத்தில், ஸரந்தீப் எனப்பட்ட இலங்கைக்குச் சென்று ஆதம் மலையைக் கண்டு திரும்பிய இப்னு பதூதா, இந்தக் கடலில்தான் கப்பல் சேதத்துக்கு ஆளாகி மஅபர் கரையில் ஒதுங்கினார். பின்னர் மதுரைச் சுல்தான் கியாதுத்தீனின் பாளையத்தை அடைந்தார். உலகைச் சுற்றிய பயணியையே அலைக்கழித்த நீர்ப்பரப்பு இது.

எனவே, இவ்விடத்தில் புகைவண்டி நிலையம் ஒன்று எழுந்தது தற்செயலன்று. ஆயிரம் ஆண்டுகளாகப் பாய்மரங்கள் கடந்த இடத்தில் ஆங்கிலேயர் இருப்புப் பாதையைக் கொணர்ந்து சேர்த்தனர், அவ்வளவே.

போட் மெயில்

1914க்கு முன்னர்ச் சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் இரயிலில் தூத்துக்குடிக்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறி நெடிய கடல்வழி போக வேண்டியிருந்தது. அந்தத் தூத்துக்குடி வண்டிக்கே முதலில் 'போட் மெயில்' என்று பெயர். கடற்பயணத்தைச் சுருக்க வேண்டுமானால், இலங்கைக்கு மிக அண்மையில் உள்ள நிலமுனைக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ இருபது மைல்தான். மணல் திட்டுகளின் மீதே பாலம் அமைத்து இலங்கைக்கு இரயிலை நேரே ஓட்டிவிடலாம் என்ற திட்டமும் அக்காலத்தில் பேசப்பட்டது. செலவு மிகுதியென்று அது கைவிடப்பட்டது.

கைவிடப்படாதது பாம்பன் பாலம். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளத்தில் கடல் மீது எழுப்பப்பட்ட அப்பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. கப்பல்கள் ஊடே செல்லும் பொருட்டு நடுவில் இரு கைகளைப் போல மேலெழுந்து விரியும் ஷெர்சர் தூக்குப் பகுதி அமைந்திருந்தது. பாம்பனிலிருந்து ஒரு கிளை இராமேசுவரத்துக்கும், மற்றொன்று தீவின் நீண்ட மணற்கரம் வழியே தனுஷ்கோடிக்கும் சென்றன. அக்கரையிலும் அதே 1914இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை பாதை போடப்பட்டது.

இதன் பிறகு எழும்பூரில் ஒரே பயணச்சீட்டு வாங்கினால் கொழும்புக் கோட்டை நிலையம் வரை அதுவே செல்லும் என்ற நிலை வந்தது. தென்னிந்திய இரயில்வேயின் வண்டி தனுஷ்கோடிப் படகுத்துறைக்கே செல்லும். பயணி வண்டியை விட்டு இறங்கி நீராவிக் கப்பலில் ஏறுவார். பிற்காலத்தில் ஓடிய 'இர்வின்', 'கோஷன்' என்னும் கப்பல்களின் பெயர்களைப் பழைய தலைமுறையினர் சொந்தக்காரர் பெயர்களைப் போலச் சொல்வர். சில மணி நேரத்தில் தலைமன்னார். அங்கே இலங்கை இரயில் காத்திருக்கும். "காலில் உப்புத் தண்ணீர் படாமல் கொழும்பு போனவர்கள் நாங்கள்" என்று என் பாட்டனாரின் தமையனார் பெருமை பேசியதாக வீட்டில் சொல்வதுண்டு.

வண்டியும் கப்பலும் வந்த இடத்தில் ஊரும் வளர்ந்தது. சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், அஞ்சலகம், இரயில்வே மருத்துவமனை, பள்ளிக்கூடம், மாதா கோயில், பணியாளர் குடியிருப்புகள் ஆகியன எல்லாம் ஒருபுறம் அமைதியான வங்கக் கடலும் மறுபுறம் ஆர்ப்பரிக்கும் மன்னார் வளைகுடாவும் நெருக்க, ஒடுங்கிய அந்த மணற்பரப்பில் அமைந்திருந்தன. அமைதியானதைப் பெண் கடல் என்றும் ஆர்ப்பரிப்பதை ஆண் கடல் என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர்.

இராமேசுவரம் முஸ்லிம்களின் வாழ்விலும் இந்தப் பாதை பின்னிக் கிடந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் இதனை நினைவுகூர்ந்துள்ளார். அவருடைய தந்தையார் ஜைனுலாப்தீன் இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல மரப்படகு கட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது இராமேசுவரத்தில் வண்டி நிற்பது நிறுத்தப்பட்டது. நாளிதழ்க் கட்டுகளை ஓடும் வண்டியிலிருந்து இராமேசுவரம் ரோடு பகுதியில் வீசி எறிவர். முகவராயிருந்த உறவினர் சம்சுத்தீனுக்காக அக்கட்டுகளைப் பிடித்துச் சேகரித்த சிறுவனே அப்துல் கலாம். தம் முதற்சம்பாத்தியம் அதுவென்பதை அவர் பெருமையுடன் எழுதினார். தனுஷ்கோடி செல்லும் வண்டியிலிருந்து விழுந்த காகிதக் கட்டில் ஓர் ஏழைச் சிறுவனின் வாழ்வு தொடங்கியிருக்கிறது.

தகரச் சீட்டு

ஆனால், தனுஷ்கோடி வழியே சென்றோர் எல்லாரும் எழும்பூரில் சீட்டு வாங்கியவர் அல்லர். மிகப் பெருந்தொகையினர் வேறு வகைச் சீட்டுடன் சென்றனர்.

இலங்கையின் மலைநாட்டில் ஆங்கிலேயர் முதலில் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிட்டனர். தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து ஏழைகள் திரட்டப்பட்டனர். பாதை வருமுன் அவர்கள் தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து ஏறத்தாழ 150 மைல் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டவர்க்குக் கணக்கில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'தகரச் சீட்டு' முறை வந்தது. எந்தத் தோட்டத்துக்கு உரிய ஆள் என்பதைக் குறிக்கும் எண் பொறித்த சிறு தகரத் துண்டைத் தொழிலாளி உடலில் அணிந்து செல்ல வேண்டும். அதுவே அவருக்குப் பயணச்சீட்டு. வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பொதி மூட்டைக்கு முகவரி எழுதி அனுப்புவது போல மனிதனுக்கும் முகவரி கட்டி அனுப்பினர்.

அதோடு 'துண்டு' என்னும் கடன் சீட்டும் இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய அச்சீட்டைக் கைமாற்றியே ஒரு தோட்டத்தார் மற்றொரு தோட்டத்தாரிடம் ஆளை விட்டுக்கொடுத்தனர். கடனை யார் தீர்க்கிறாரோ ஆள் அவருக்கு. 1921இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

மண்டபத்தில் இலங்கை அரசே ஒரு முகாம் நடத்தியது. தோட்டத்துக்குச் செல்வோர் அங்கே சில நாட்கள் தங்க வைக்கப்பட்டு, நோயில்லை என்று உறுதியான பின்னரே தனுஷ்கோடிக்கு அனுப்பப்படுவர். 1939இல் இந்திய அரசு கூலித் தொழிலாளரை இலங்கைக்கு அனுப்புவதைத் தடை செய்யும் வரை இந்த ஓட்டம் தொடர்ந்தது. வெள்ளைக்காரத் துரையும் கங்காணியும் ஏறிய அதே நிலையத்தில்தான் தகரம் அணிந்தவரும் ஏறினார். நிலையத்தின் அழகைப் பேசுவோர் இதனையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை.

கடைக்காரர் வழி

நம்மவர் பெரும்பாலும் தோட்டத்துக்குச் சென்றவர் அல்லர், கடைக்குச் சென்றவர். இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து சென்று துணி, அரிசி, பலசரக்கு வாணிகம் செய்தோரை இலங்கையில் கரையோரச் சோனகர் என்றனர். கொழும்புப் புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்பும் வெள்ளையுமான ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல், இந்திய முஸ்லிம் வணிகரின் கொடை. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையனைக் கடைக்கு அனுப்புவர். எடுபிடியாகச் சேர்ந்து, படி நிறுத்து, கணக்குப் பழகி, நல்லூழ் இருந்தால் பங்காளியாவான். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருநாளுக்கு ஊர் திரும்புவான்.

இவ்வாழ்வில் நிழலும் இருந்தது. பாதை திறந்த மறு ஆண்டே, 1915 மே இறுதியில், இலங்கையில் மூண்ட கலவரத்தில் கரையோரச் சோனகரின் கடைகளும் உயிர்களும் பெருஞ்சேதமுற்றன. ஆயினும் வணிகம் நிற்கவில்லை. இரு கரையிலும் வீடும் உறவும் கொண்ட குடும்பங்கள் பெருகின.

அந்த வாழ்வைக் குலைத்தது கலவரமன்று, காகிதம். இலங்கை 1948 பிப்ரவரியில் விடுதலை பெற்றது. அவ்வாண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக மலைநாட்டில் உழைத்தோர் நாடற்றோர் ஆயினர். குடிவரவுச் சட்டமும் அவ்வாண்டே வந்தது. முன்பு சீட்டு மட்டும் கேட்ட துறையில் இப்போது கடவுச்சீட்டும் விசாவும் கேட்டனர். அவை இல்லாது இரவில் தோணியேறிச் சென்றவரைக் 'கள்ளத்தோணி' என்றனர். நாளடைவில் முறையாகச் சென்றவரையும், அங்கேயே பிறந்தவரையும்கூட அச்சொல்லால் இழிவுபடுத்தும் வழக்கம் வந்தது. என் பாட்டனாரின் தமையனார் விசா புதுப்பிக்க முடியாமல் 1950களில் கடைப் பங்கை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். தனுஷ்கோடியில் இறங்கியபோது அவரிடம் ஒரு தோல்பெட்டியும், வசூலாகாத கடன்களின் கணக்கேடும் இருந்தன. அந்த ஏடு நெடுங்காலம் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. ஆகவே, 1964க்கு முன்னரே தனுஷ்கோடியின் வழி குறுகத் தொடங்கிவிட்டது என்பதை மறத்தலாகாது.

1964 டிசம்பர்

அவ்வாண்டு டிசம்பர் 17 அளவில் தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு, இரு நாட்களில் புயலாக உருவெடுத்தது. மேற்கு நோக்கி நகர்ந்து, 22ஆம் நாள் இலங்கையின் வவுனியாப் பகுதியைத் தாக்கிக் கடந்து, அன்றிரவே பாக்கு நீரிணைக்குள் இறங்கியது. ஹிஜ்ரி 1384 ஷஅபான் மாதம். ரமலானுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. நோன்புக்கு ஊர் திரும்புவோர் பயணம் மேற்கொள்ளும் காலம்.

காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்ததாக மதிப்பிடப்பட்டது. ஏழு மீட்டர் அளவுக்குக் கடல் எழுந்தது. ஒடுங்கிய மணற்பரப்பின் இருபுறக் கடல்களும் ஒன்றாயின. நிலையம், சுங்கச் சாவடி, மருத்துவமனை, கோயில், குடிசை என்ற வேறுபாடின்றி நீர் அனைத்தின் மீதும் சென்றது. இறந்தோர் ஏறத்தாழ 1,800 பேர் என்பர்.

அவ்விரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் வண்டியில் ஆறு பெட்டிகள் இருந்தன. பயணிகள் 110 பேர், இரயில்வே ஊழியர் ஐவர் என்பது கணக்கு. நிலையத்தை அடையச் சில நூறு கெஜமே இருக்கையில் பேரலை ஒன்று வண்டியை வாரிச் சென்றது. ஒருவரும் பிழைக்கவில்லை.

செய்தியின் ஸனது

மார்க்கக் கல்வி பயின்றோர் ஒரு செய்தியைக் கேட்டதும் முதலில் வினவுவது, "இதன் ஸனது என்ன?" என்பதே. அதாவது, யார் யாரிடம் கேட்டுச் சொன்னார், முதலில் கண்டவர் யார் என்னும் தொடர். தனுஷ்கோடி வண்டியைப் பற்றி வழங்கும் செய்திகளுக்கும் இந்த அளவுகோலைப் பொருத்திப் பார்த்தல் நலம்.

பாம்பன் பாலத்தின் மீது வண்டி சென்றபோது கடலில் கவிழ்ந்தது என்று பலர் இன்றும் சொல்கின்றனர். இது தவறு. வண்டி புறப்பட்டதே பாம்பனில்; அது பாலத்தைக் கடக்க வேண்டிய தேவையே இல்லை. அழிந்தது போட் மெயில் என்பாரும் உளர், அதுவும் தவறு. தீவுக்குள் ஓடிய பாசஞ்சர் வண்டியே அழிந்தது. கைகாட்டி விளக்கு எரியாமையால் ஓட்டுநர் சற்று நிறுத்திப் பார்த்து, பின்னர் நீண்ட ஊதல் கொடுத்து வண்டியைத் துணிந்து செலுத்தினார் என்ற செய்தி எல்லா நூல்களிலும் உள்ளது. ஆனால், ஒருவரும் பிழைக்காத வண்டியின் இறுதி நிமிடத்தை எவர் கண்டு சொன்னார்? ஊதலைக் கரையில் இருந்தோர் கேட்டிருக்கலாம். ஓட்டுநரின் உள்ளத்தை எவரும் அறியார். இச்செய்தியை மறுக்கவில்லை, அதன் தரம் இன்னதென்று சொல்லி வைக்கிறேன்.

இவற்றினும் முக்கியமானது 110 என்னும் எண். அது பயணச்சீட்டு வாங்கியவரின் எண்ணிக்கை. சீட்டு வாங்காது ஏறியவர் பலர் இருந்திருப்பர் என்றும், இறந்தவர் 200 வரை ஆகலாம் என்றும் அப்போதே கருதப்பட்டது. கடைசி வண்டி, மழையிரவு, மீன்பிடிப்போரும் கூலிகளும் வாழ்ந்த ஊர். ஏறியவர் அனைவரும் சீட்டு வாங்கியிருப்பரா? வாங்காதவர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் இறந்தார்கள் என்று எழுதவும் ஒரு வரி இல்லை. தொடர்புக் கம்பிகள் அறுந்தமையால் விபத்துச் செய்தியே உடனே வெளியுலகை எட்டவில்லை. பின்னர் எட்டியதும் சீட்டுள்ளவர் கணக்கே.

பாலம் மீண்டது

பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்களில் நூற்றுக்கு மேற்பட்டவை கடலில் வீழ்ந்தன. நடுவிலிருந்த தூக்குப் பகுதி மட்டும் நிலைத்து நின்றது. அதைச் செப்பனிட ஆறு மாதம் என்று இரயில்வே கணக்கிட்டது. மேலதிகாரி மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் அப்போது முப்பத்திரண்டு வயது இளைஞர். பிற்காலத்தில் கொங்கண் இரயில்வேயும் தில்லி மெட்ரோவும் கண்டவர். கடலுக்குள் கிடந்த பழைய உத்திரங்களை மீனவர் துணையோடு கண்டறிந்து மீட்டு, 46 நாட்களில் பாலத்தை மீட்டெடுத்தார்.

பாலம் மீண்டது, தனுஷ்கோடி மீளவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. பாதை மறுபடி போடப்படவில்லை. போட் மெயில் இராமேசுவரத்தோடு நின்றது. தலைமன்னார்க் கப்பலும் இராமேசுவரத்துக்கு மாறியது. ஐம்பது ஆண்டு ஓடிய வழி ஓரிரவில் பல மைல் பின்வாங்கிக்கொண்டது.

திரும்பி வந்தோர்

புயலுக்கு இரு மாதங்களுக்கும் குறைவான காலத்துக்கு முன், 1964 அக்டோபர் 30 அன்று, இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இலங்கையிலிருந்த நாடற்றோர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. பகிர்ந்துகொள்ளப்பட்டவரிடம் கேட்டுப் பகிர்ந்தார்களா என்பது வேறு கேள்வி.

பாட்டன் தகரம் அணிந்து தனுஷ்கோடியில் கப்பலேறினான். பேரன் அங்கே வந்திறங்கவில்லை. அந்நிலையம் அதற்குள் மணலாகிவிட்டது. 'இராமானுஜம்' கப்பலில் இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு, முன்பின் அறியாத 'தாயகத்துக்குள்' அவன் நுழைந்தான். நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களும், 1969இல் உருவான 'ரெப்கோ' வங்கியும் இவர்களின் மறுவாழ்வுக்காக எழுந்தவையே. அந்தக் கப்பலும் 1984இல் இலங்கையின் இனப்போரால் நின்றது.

நின்றது கப்பல்தான், மக்கள் நிற்கவில்லை. 1983 முதல் உயிர் தப்பித் தோணிகளில் வந்த இலங்கைத் தமிழர் அந்த மணல் முனையிலேயே கரையேறினர். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப்புலிகள் வெளியேற்றினர். தலைமன்னார் அமைந்த மன்னார்த் தீவின் முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். கையில் கொண்டதோடு புத்தளம் பகுதிக்குச் சென்று அகதிகளாயினர். 2022இல் இலங்கையின் பொருளாதாரம் வீழ்ந்தபோது மீண்டும் சிலர் குழந்தைகளோடு வந்து அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகளில் தவித்து நின்றனர். கடலோரக் காவல் படையினர் மீட்டனர்.

இன்று

2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. பேருந்திலும் காரிலும் நாள்தோறும் மக்கள் செல்கின்றனர். சென்ற கோடை விடுமுறையில் நானும் குடும்பத்தோடு சென்று வந்தேன். மாதா கோயிலின் கூரையற்ற சுவர்கள், இரயில்வே நீர்த்தொட்டியின் எச்சம், நிலையக் கட்டடத்தின் சிதைவு ஆகியவற்றின் அருகே சங்கும் பாசிமணியும் விற்கிறார்கள். என் பேத்தி நிலையச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்டவாளம் எங்கே, தாத்தா?" என்றாள். மணலைத் தவிரக் காட்ட ஒன்றுமில்லை. அஸர் நேரமாயிற்று. பயணிக்குரிய சலுகைப்படி நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கி, அச்சுவரின் நிழலில் தொழுதேன். என் பாட்டனாரின் தமையனாரும் எத்தனையோ முறை அங்கே அவ்வாறே சுருக்கித் தொழுதிருப்பார்.

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் புதிய பாதை போட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆயினும் வண்டி வரவில்லை. 1914ஆம் ஆண்டுப் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் பக்கத்தில் எழுந்த புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அக்கரையில், போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதையை இந்தியா புதுப்பித்துக் கொடுத்தது; 2015 மார்ச்சில் அங்கே மீண்டும் வண்டி ஓடத் தொடங்கியது. கடல் பிரித்த இரட்டைப் பிள்ளைகளில் அக்கரைப் பிள்ளை உயிரோடு உள்ளது. இக்கரைப் பிள்ளை இல்லை.

வீரபாண்டி திரும்பியதும் அந்த மாணவனை அழைத்து இவ்வளவும் சொன்னேன். அமைதியாகக் கேட்டான். அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் இருக்கிறார்கள். திருப்பூர் நிலையத்தில் நெடுந்தூர வண்டி வந்து நின்றதும், தோளில் ஒரு பையோடு இறங்கி, எத்திசை செல்வதென்று அறியாது நடைமேடையில் நிற்பவர்களை நாமும் நாள்தோறும் பார்க்கிறோம். "இந்திக்காரன்" என்று ஒரே சொல்லில் கடந்து போகிறோம். அக்கரையில் நம்மவரைக் 'கள்ளத்தோணி' என்றபோது நமக்கு வலித்தது. இங்கே நாம் சொல்லும் சொல் அவர்களுக்கு வலிக்குமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

மாணவன் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். வண்டி வராத நிலையமும் மஹத்தாதான். அங்கே இறக்கி வைக்கப்பட்ட சுமைகள் இன்னும் எடுக்கப்படவில்லை. வசூலாகாத கணக்கேடுகள், தகரத் துண்டுகள், எண்ணப்படாத உயிர்கள் எல்லாம் அங்கேயே கிடக்கின்றன. அவற்றுள் நம் குடும்பங்களுக்கு உரியவற்றையேனும் நாம் எடுத்து எழுதி வைக்கலாம். நம் வீடுகளின் பரணில் கொழும்புக் கடிதங்களும், பழைய கடவுச்சீட்டுகளும், கணக்கேடுகளும் இன்னும் இருக்கக்கூடும். கடைக்குச் சென்று திரும்பிய முதியோரின் பிள்ளைகள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கின்றனர். கரையான் அரிக்குமுன், நினைவு மங்குமுன், யார், எப்போது, எந்த வண்டியில், எதைச் சுமந்து சென்றார் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். யாரிடம் கேட்டோம் என்பதையும் சேர்த்தே எழுதுவோம். எங்கள் வீட்டில் அப்பணியைத் தொடங்கிவிட்டோம். முதற் பக்கத்தில் என் பேத்தி தன் கையால் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் தனுஷ்கோடி.